கொட்டகையில் கிடக்கும் பழைய இரும்புச் சைக்கிளை மீண்டும் ஓட வைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவின் ஹெர்குலிஸ் பதினோரு வருடம் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதன் மேல் வைக்கோல், கோணிச் சாக்கு, உடைந்த கட்டில் கால் என்று என்னென்னவோ ஏறியிருந்தது. அதை வெளியே இழுத்து, பிரித்து, துடைத்து, பூட்டி, ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போய் வந்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் நண்பர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் இன்னும் சில வண்டிகள் கைக்கு வந்திருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதில்கள்.

எந்த மாதிரி வண்டிகளுக்கு இது பொருந்தும்?

28 இன்ச் வீல், கறுப்பு பெயிண்ட், மட்கார்டில் தங்கக் கோடு, ராடு பிரேக், கனமான கேரியர். நம் தாத்தாவும் அப்பாவும் ஓட்டிய அந்த வண்டிதான். குரங்கு பெடல் போட்டு நாம் பழகியதும் அதில்தான். ஹெர்குலிஸ், ராலே, பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், ஹம்பர், ரட்ஜ், அட்லஸ், ஹீரோ என்று பெயர் எதுவானாலும் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு முன்பே வடிவம் முடிவாகிப்போன வண்டி இது.

ஹெர்குலிஸ் 1910-ல் பர்மிங்காமில் பிறந்த பெயர். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அதன் பிறகு அந்தப் பெயர் சென்னை அம்பத்தூரில் செய்த வண்டிகளில் வர ஆரம்பித்தது. நாட்டிங்காம் ராலேயோடு கைகோத்து மேற்கு வங்கத்தின் ஆசன்சோல் பக்கம் சென்-ராலே தொழிற்சாலை நடந்தது. ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது சீமை வண்டியா, நம் நாட்டு வண்டியா என்பதைப் பொறுத்துச் சில அளவுகள் மாறும். வேலை மாறாது.

என் வண்டி தேறுமா, தேறாதா?

பெரும்பாலும் தேறும். மேலே படிந்த துருவைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். இந்த வண்டிகளின் குழாய் தடிமனானது. துரு அதைத் தின்று தீர்க்க நெடுங்காலம் ஆகும்.

பார்க்க வேண்டியது வேறு இடங்களை. ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். அங்கே பெயிண்ட் சுருங்கியோ புடைத்தோ இருந்தால் வண்டி எப்போதோ முன்னால் மோதியிருக்கிறது. அடுத்து, முன் வீலைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கழுத்துக் குழாய் எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதே கோட்டில் தொடங்கி, நுனியில் மட்டும் முன்னால் வளைய வேண்டும். தொடக்கத்திலேயே பின்னுக்குத் தள்ளியிருந்தால் அடி வாங்கியது. இரும்பு என்பதால் நிமிர்த்தலாம். ஆனால் அதை அனுபவமுள்ள கை செய்ய வேண்டும். விரிசல் கண்ட ஃபோர்க்கை மட்டும் தயவுசெய்து திரும்பப் போடாதீர்கள்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் வீல் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, முன்னால் கழுத்துக் குழாயைச் சுற்றி, மறுபக்கம் அதே இடத்துக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒன்று போல இருந்தால் ஃபிரேம் நேர். என் அப்பா வண்டியில் ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. நெல் மூட்டை சுமந்த வண்டி. அதை அப்படியே விட்டுவிட்டேன், ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

கடைசியாகப் பெடல் அச்சு இருக்கும் அடிக்குழாயை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக் கேளுங்கள். மழை நீர் எல்லாம் இறங்கித் தங்கும் இடம் அது. கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே மண்ணும் துருவும் அடைந்திருக்கும். அதற்காக வண்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, பிரித்துச் சுத்தம் செய்தால் போதும்.

எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர்த்தகடு போயிருந்தால் செயின் கவரைக் கழற்றிப் பல்சக்கரத்தைப் பாருங்கள். கொக்குத் தலைகள் வெட்டியிருந்தால் ராலே. விரித்த கை இருந்தால் ரட்ஜ். சுற்றிலும் ஐந்து மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். பி.எஸ்.ஏ. தன் பெயரின் எழுத்துகளையே வெட்டியிருக்கும். ஆனால் சைக்கிள் கடையில் எந்தக் காலத்திலோ பல்சக்கரம் மாறியிருக்கலாம். இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

சீமை வண்டியில், பின் வீலின் நடுக்குடமான ஹப் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப்பாக இருந்தால் அதிர்ஷ்டம். ஹப்பின் மேலேயே வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் பொறித்திருக்கும். 54 என்றிருந்தால் ஹப் 1954-ல் செய்தது. வண்டியும் பெரும்பாலும் அதே காலம்தான்.

இன்னொன்றையும் தேடுங்கள். ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி, நகராட்சியும் பஞ்சாயத்தும் கொடுத்த வில்லையை வண்டியில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தகட்டு வில்லை சில வண்டிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் அப்பா வண்டியில் விளக்குக் கம்பியின் அடியில் மசியும் அழுக்கும் மூடி, ஒரு காசு போல இருந்தது. துடைத்ததும் எங்கள் ஊராட்சியின் பெயர் தெரிந்தது. அதைக் கழற்றாமல் அங்கேயே விட்டிருக்கிறேன்.

முதலில் எதைத் தொடுவது?

செல்போனை. பிரிப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ராடு பிரேக்கில் எந்தக் கம்பி எந்தக் கம்பிக்கு உள்ளே போகிறது, எந்த வாஷர் எங்கே என்பதெல்லாம் மூன்று வாரம் கழித்து நினைவில் இருக்காது. பிறகு எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். காலையில் ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு. அவசரப்பட்டு ஸ்பானர் போட்டால் நட்டின் முனை மழுங்கிப்போகும்.

கழற்றிய சாமான்களைத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். முன் ஹப் ஒரு டப்பா, பின் ஹப் ஒரு டப்பா, பெடல் அச்சு ஒரு டப்பா. பழைய சாமான் எதையும், உடைந்ததாக இருந்தாலும், வேலை முடியும் வரை எறியாதீர்கள். புதுசு வாங்கக் கடைக்குப் போகும்போது அதுதான் அளவு.

சீட் பில்லர் அசையவே இல்லை. ஹேண்டிலும் இறுகிப்போய்விட்டது.

ஹேண்டிலுக்கு முதலில்: மேலே உள்ள நீண்ட போல்ட்டை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். நாலைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள். போல்ட் தலை மேலே எழும்பி நிற்கும். அதன் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு. உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு கீழே இறங்கிவிடும், ஹேண்டில் விடுபடும்.

சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் பில்லர் கொஞ்சம் சோதிக்கும். இரும்புக்குள் இரும்பு, நடுவில் துரு. சீட்டைக் கழற்றி, கிளாம்ப் போல்ட்டை எடுத்துவிட்டு, சுற்றிலும் எண்ணெய் விடுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடல் அச்சுப் பக்கத்திலிருந்தும் விடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு பழைய சீட்டையே திரும்ப மாட்டி, அதையே பிடியாக வைத்து இடம் வலமாகத் திருகுங்கள். மேலே இழுக்காதீர்கள், திருகத்தான் வேண்டும். முதலில் ஒரு 'கிரீச்' கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான்.

காட்டர் பின் கழலவில்லை. அடித்தால் வளைகிறது.

அதிகம் பேர் என்னிடம் கேட்பது இதைத்தான். வண்டிகள் அதிகம் கெடுவதும் இங்கேதான்.

பெடல் மாட்டும் கையான கிராங்கையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சின்ன ஆப்புதான் காட்டர் பின். அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், மறு முனையில் மரையும் நட்டும். நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் பட்பட்டென்று சின்னச் சின்னதாக அடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அப்படி அடித்தால் மரை நசுங்கிக் காளான் போல விரியும், பின் வளையும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதைவிட மோசம், அடியின் வேகம் அச்சு வழியாக உள்ளே போய்ப் பால்ரஸ் குண்டுகள், அவை ஓடும் கிண்ணமான கப்பில் பள்ளம் பதித்துவிடும்.

சரியான முறை இது. நட்டைப் பின்னின் முனையோடு மட்டமாக வரும் அளவுக்குத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். அது மரையைக் காக்கும். கிராங்குக்குக் கீழே, பின்னின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டையுள்ள ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். வண்டியின் எடை அந்த முட்டின் மேல் உட்கார வேண்டும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே ஒரு அடி, தயக்கமில்லாமல், நேராக. முட்டு சரியாக இருந்தால் ஒன்று இரண்டு அடியில் விட்டுவிடும். சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருந்தால் இன்னும் நல்லது, அடிக்காமல் நசுக்கியே வெளியே தள்ளிவிடலாம்.

எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம்தான் இதைக் கற்றேன். நான் பத்து அடி அடித்துக் களைத்திருந்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தம்பி, முட்டு இல்லாம அடிக்கிற அடியெல்லாம் வண்டிக்கு வலிக்கும், பின்னுக்கு வலிக்காது" என்றார். எழுந்து வந்து குழாயை நட்டமாக வைத்தார். ஒரே அடி. பின் தரையில் விழுந்து உருண்டது.

புது பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இங்கிலாந்து அளவு 9.5 மில்லிமீட்டர். பிரெஞ்சு வண்டி என்றால் 9. சரிவுப் பக்கம் அப்படியே பொருந்திவிடாது, அரத்தால் சீவிப் பொருத்த வேண்டும். சீவும்போது பரப்பு தட்டையாக இருக்க வேண்டும், நடுவில் மேடு விடக்கூடாது. இரண்டு பின்னும் எதிரெதிராகப் போக வேண்டும். வலது கிராங்க் மேலே நிற்கும்போது அதன் நட் முன்பக்கம் பார்த்தால், இடது கிராங்கை மேலே கொண்டுவரும்போது அதன் நட்டும் முன்பக்கமே பார்க்க வேண்டும். இது மாறினால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. காலுக்கு நொண்டுவது போலிருக்கும்.

மாட்டியதும் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, நட்டை இறுக்குங்கள். நட்டால் மட்டும் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும்.

பால்ரஸ் எந்த அளவு, எத்தனை?

பெரும்பாலான வண்டிகளில் பெடல் அச்சுக்குக் கால் இன்ச் குண்டு, பக்கத்துக்கு 11. பின் ஹப்புக்கும் கால் இன்ச், பக்கத்துக்கு 9. முன் ஹப்புக்கு 3/16 இன்ச், பக்கத்துக்கு 10. பிரித்தவுடன் எண்ணி எழுதி வையுங்கள். இதற்கு முன் பிரித்தவர் ஒன்றைத் தொலைத்துவிட்டுக் குறைத்தே மாட்டியிருக்கவும் கூடும். குண்டுகள் வரிசையாக உட்கார்ந்தபின் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். நெருக்கி இன்னொன்றைத் திணிக்கக் கூடாது.

பழைய குண்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். வண்டியிலேயே மிக மலிவான சாமான் அதுதான். கப்பையும், குண்டுகளை மறுபக்கமிருந்து அணைக்கும் கூம்பான கோனையும் மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் மழமழவென்று ஒரு கோடாகத் தெரிந்தால் நல்லது. அம்மைத் தழும்பு போலக் குழி இருந்தால் மாற்றுங்கள். கோன் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மரையில் ஏமாறாதீர்கள். பெடல் அச்சின் வலது கப்புக்கு எதிர் மரை. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். நன்றாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம், உள்ளேயே துடைத்துவிடலாம். பெடல்களுக்கு ஒரு சுலபமான நினைவு: ஸ்பானரை மேல் நோக்கி மாட்டி வண்டியின் பின்பக்கமாக இழுத்தால் இரண்டு பெடலுமே கழலும். நாட்டிங்காமில் செய்த ராலேயில் கப் மரை இன்ச்சுக்கு 26 சுற்று, மற்ற இங்கிலாந்து வண்டிகளில் 24. ஒன்றில் இன்னொன்று சேராது. கட்டாயப்படுத்தி முறுக்கினால் ஃபிரேமே போய்விடும்.

கிரீஸைத் தாராளமாகப் பூசி, குண்டுகளை அதில் பதித்து, கோனை விரலால் இறுகும் வரை திருகி, அப்புறம் கால் சுற்றுத் தளர்த்துங்கள். வீலைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. வீலை எங்கே நிறுத்தினாலும், வால்வின் எடையே அதைக் கீழே கொண்டுவர வேண்டும். அந்த வால்வு மெல்ல இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடி நிற்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் பெரிது. எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த நொடி அதுதான்.

துருவை எப்படி எடுப்பது? உப்புத்தாள் போடலாமா?

குரோமில் உப்புத்தாள் போடவே போடாதீர்கள். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, ஹேண்டிலிலும் ரிம்மிலும் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மை என்பதால் கீறாது. பழுப்புக் குழம்பாகத் துரு கரைந்து வரும். துடைத்தால் அடியில் பளபளப்பு. குரோம் உரிந்த இடத்தில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் மிஞ்சும். அது போகாது. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் மேலே பரவாது.

குரோம் போடாத சின்ன இரும்புச் சாமான்களுக்கு எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர் போதும். ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கலாம். கெட்டியான துருவுக்கு, மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் ஆக்சாலிக் பொடி இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 20, 30 கிராம். இது விஷம். கையுறை கட்டாயம், குழந்தையும் மாடும் வராத இடம் கட்டாயம், பொடியை மூக்கில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. அலுமினியத்தையும் நாகம் பூசியதையும் இதில் போடாதீர்கள். ஸ்ப்ரிங், குண்டு, கோன் போன்ற கடினப்படுத்திய இரும்பையும் அமிலத்தில் ஊற வைக்காதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடும். எடுத்ததும் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். ஒரு மணி நேரம் விட்டால்கூட மறுபடி பழுப்பு ஏறிவிடும்.

மணி பித்தளை என்றால் புளிதான். வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

புதுசாகப் பெயிண்ட் அடித்துவிட்டால் நன்றாக இருக்காதா?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய பெயிண்ட் பாதியாவது மிஞ்சியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

முதல் வண்டியில் எனக்கு இந்தப் புத்தி இல்லை. மாமாவின் ராலேயை ஒரு பட்டறையில் கொடுத்தேன். மணல் அடித்து, பவுடர் கோட்டிங் போட்டு, கண்ணாடி மாதிரி கறுப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கழுத்திலிருந்த கொக்குத் தகடு போயிற்று. சீட் குழாயிலிருந்த எழுத்து போயிற்று. பாரின் நடுவில், மாமா நாற்பது வருடம் வேட்டியோடு காலைத் தூக்கிப் போட்ட இடத்தில், பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்த ஒரு நீளத் திட்டு இருந்தது. அதுவும் போயிற்று. அத்தை வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா, யாரு வண்டி?" என்று கேட்டார்கள்.

அதனால் அப்பா வண்டியில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் மென்மையான துணியும் மட்டும்தான். தங்கக் கோடுகளின் மேல் துணியை அழுத்தவே கூடாது. அவை பெயிண்டுக்கு மேலே வரைந்தவை, வருடிப் போனாலே சில வண்டிகளில் வந்துவிடும். காய்ந்ததும் மெழுகு. இரும்பு வெளியே தெரிகிற இடங்களில் பெயிண்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயிலை மெல்லிசாகப் பூசித் துடைத்தேன். இரண்டு மூன்று நாளில் காய்ந்து தோல் போலப் பிடித்துக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்துவிட்டு எறியுங்கள்.

பெயிண்ட் முழுவதும் உரிந்துபோய்த் துரு மட்டுமே மிஞ்சிய வண்டிக்கு அடிக்கத்தான் வேண்டும். அப்போதும் பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கையால் கோடு இழுக்கத் தெரிந்த பெயிண்டர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் கொடுங்கள். அணில் வால் மாதிரி நீண்ட மயிர் வைத்த தூரிகையால், மட்கார்டின் வளைவு முழுக்க மூச்சுப் பிடித்து ஒரே இழுப்பில் அவர்கள் கோடு போடுவதை நின்று பாருங்கள்.

டயர் கிடைக்குமா?

28 × 1½ டயர் நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. அதன் உள்விட்டம் 635 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். 28 என்று மட்டும் பார்த்து வாங்கினால் 622 மில்லிமீட்டர் டயர் வந்து சேரும். பெயரில் இரண்டுமே 28 இன்ச்தான், ஒன்று மற்றதில் ஏறாது. 26 × 1⅜ வண்டிக்கு 590. பழைய கியர் ரேஸ் சைக்கிளில் 27 × 1¼ என்றால் 630.

ரிம்முக்குள் கம்பி முனைகளை மூடும் நாடா மக்கியிருக்கும், அதையும் மாற்றுங்கள். வால்வு டியூபும் புதுசு போடுங்கள்.

வீல் கோட்டத்தை நானே எடுக்கலாமா?

சின்னக் கோட்டம் என்றால் எடுக்கலாம். முன் வீலில் 32 கம்பி, பின் வீலில் 40. கம்பிகளை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்களுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டு, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், பொறுமையாகப் போக வேண்டும். ராடு பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பதால், பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆடினால் குடி முழுகாது. மேலும் கீழும் ஏறி இறங்குவதுதான் பிரேக்கில் உதைக்கும். நிறையக் கம்பி அறுந்திருந்தாலோ ரிம் துருவில் துளைத்திருந்தாலோ கடைக்குக் கொண்டுபோங்கள். கம்பிகளை விரலால் மீட்டிச் சத்தத்தை வைத்தே இறுக்கம் பார்க்கிற மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.

ராடு பிரேக்கை எடுத்துவிட்டு நவீன பிரேக் போடலாமா?

வேண்டாம். அந்த ரிம்மின் வடிவம் பக்கவாட்டுப் பிரேக்குக்கு ஏற்றதல்ல. ராடுகள் வளையாமல், ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெயோடு, கட்டைகள் புதுசாக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடும்படி வைத்தால் ஊருக்குள் ஓட்டப் போதும். மழையில் மட்டும் கவனம். இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நான் மழை நாளில் அந்த வண்டியை எடுப்பதில்லை.

செயின்?

ஸ்கேலை எடுங்கள். செயின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவில் 0 வைத்தால், 12 இன்ச்சில் இன்னொரு பின்னின் நடு சரியாக விழ வேண்டும். 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 போயிருந்தால் பின் வீலின் பல்சக்கரமான ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும், சேர்த்தே மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகி மண்ணைப் பிடிக்கும். ஃப்ரீவீல் ஓடும்போது 'டிக் டிக்' கேட்காவிட்டால் உள்ளே பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றிக் கழுவி, மெல்லிய மெஷின் ஆயில் நாலு சொட்டு விட்டால் குரல் திரும்பி வரும்.

தோல் சீட் வறண்டு வெடித்திருக்கிறது.

தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். தோலுக்கான மெழுகை அடிப்பக்கத்திலிருந்து பூசி, நிழலில் ஒரு வாரம் விட்டு, மறுபடி பூசுங்கள். முன்மூக்கில் உள்ள நட்டை முறுக்கித் தோலை இழுக்கும் ஆசையை அடக்க வேண்டும். வறண்ட தோல் கிழிந்துவிடும். ஆணியோரம் ஏற்கெனவே கிழிந்திருந்தால் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு சீட் போட்டு ஓட்டுங்கள்.

டைனமோ வேலை செய்யுமா?

ஆச்சரியமாக, பெரும்பாலும் செய்யும். 6 வோல்ட், 3 வாட். உள்ளே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும்தான், கெட்டுப்போக அதிகமில்லை. தலைப் பல்லில் தேய்மானம் பாருங்கள், அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், வயரை மாற்றுங்கள், வண்டி உடம்போடு தொடும் திருகின் அடியில் பெயிண்டைச் சுரண்டுங்கள். மின்சாரம் திரும்பி வரும் பாதை அந்த இரும்பு உடம்புதான்.

1990-களில் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் பெட்ரோலும் பேட்டரியும் இல்லாமல் போன யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அந்த டைனமோவில் ரேடியோவைப் போட்டுச் செய்தியும் பாட்டும் கேட்டார்கள். அங்கிருந்து வந்தவர்களிடம் கேட்டால், சுற்றுகிற கை தளர்ந்ததும் பாட்டும் இழுபடும் என்று சொல்வார்கள். உங்கள் டைனமோவைச் சோதிக்கவும் இதுவே வழி: வண்டியைக் கவிழ்த்து வைத்துக் கையால் சுற்றி பல்ப் எரிகிறதா என்று பாருங்கள்.

என் மகள் ஓட்டப் பிரியப்படுகிறாள். நடுப் பாரை அறுத்து லேடீஸ் வண்டி ஆக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தப் பார் போனால் ஃபிரேமின் பலமே போய்விடும். எங்கே வெல்டிங் வைத்தாலும் ஒரு நாள் ஒடியும்.

பார் வைத்த வண்டியைப் பெண்கள் ஓட்டுவது புதிதும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டியவர்கள் நிறையப் பேர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். உங்கள் மகளுக்குக் கவனிக்க வேண்டியது உயரம் மட்டுமே. ஃபிரேம், அதாவது சீட் குழாயின் நீளம், 22 இன்ச்சா 24 இன்ச்சா என்று அளந்து பாருங்கள். 24 என்றால் உயரமானவர்களுக்கே கால் எட்டும்.

எவ்வளவு செலவு ஆகும்?

குண்டு, காட்டர் பின், பிரேக் கட்டை, கிரீஸ், மண்ணெண்ணெய் எல்லாம் சில்லறைச் செலவு. டயர், டியூப், செயின்தான் சொல்லும்படியான செலவு. பணத்தை விழுங்குவது குரோம் முலாமும் பெயிண்டும். அவை இரண்டையும் விட்டுவிட்டால், சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய வேலைதான் இது.

எல்லாம் பூட்டியாயிற்று. நேராக ரோட்டுக்கு எடுத்துப் போகலாமா?

முதலில் வீட்டைச் சுற்றி. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், கழுத்தில் 'டக்' என்று ஆட்டம் இருக்கக் கூடாது. முன்வீலை உங்கள் முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள், வழுக்கக் கூடாது. வீல் நட்டுகளை இன்னொரு தடவை. பிறகு ஆளில்லாத தெருவில் ஒரு கிலோமீட்டர், பையில் இரண்டு ஸ்பானரோடு.

பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை காலுக்கடியில் 'டொக்' என்றால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. உடனே இறங்குங்கள். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் கிராங்கின் ஓட்டையே நீள்வட்டமாகிவிடும். புது பின் உட்கார நேரம் எடுக்கும். ஆகவே முதல் கிலோமீட்டர் முடிந்ததும் ஒரு தடவை, அந்த வாரக் கடைசியில் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை தட்டி இறுக்குங்கள். கோன்களையும் அப்போதே பாருங்கள், புதுக் குண்டுகள் தடம் பிடித்ததும் கொஞ்சம் ஆட்டம் வரும். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு ஓவராயில், மழைக்காலம் முடிந்ததும். என் அப்பா வண்டிக்குத் தை மாதத்தில் செய்கிறேன்.